நான்கு மெகாபைட் தரிசு

தாஜ் நிஷாவுக்குக் குரல் சின்னது. அவள் சொல்வது விளங்க வேண்டுமென்றால் பக்கத்தில் போய்க் காது கொடுக்க வேண்டும். வில்லியனூரில் எங்கள் விதைக் கம்பெனிக்கு எண்பத்தெட்டில் கம்ப்யூட்டர் வந்தபோது, சென்னையில் பயிற்சி எடுத்தவள் அவள் ஒருத்திதான். விவசாயிகளின் விதைப் பரிசோதனை விவரமெல்லாம் தை பிறப்பதற்குள் அதில் ஏற வேண்டும், இல்லாவிட்டால் பெட்டியும் திரும்பிப் போகும், அவளும் வீட்டுக்குப் போகலாம் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

நான் அங்கே ஸ்டோர் கீப்பர். கம்ப்யூட்டர் என்றாலே எனக்கு எரிச்சல். அதற்கு ஏ.சி. போட்டார்கள்; நான் ஒரு ஸ்டூல் கேட்டு ஒரு வருஷமாக அலைந்துகொண்டிருந்தேன்.

யூனிக்ஸ் என்ற சாஃப்ட்வேரை ஏற்றுவதற்கு முன்னால் டிஸ்க்கைப் பாகம் பிரிக்க வேண்டுமாம். பிரித்த பின் மாற்ற நினைத்தால் எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தான் மாற்ற முடியும். அதனால் நிஷா முதலில் கிராஃப் தாளில் கட்டம் போட்டாள். நாற்பது மெகாபைட்டில் நாலைக் காலியாக விட்டு, ‘ஸ்வாப்’ என்று எழுதியிருந்தாள்.

மேனேஜர் செல்லப்பனுக்குப் பண்டசோழநல்லூரில் நிலம் உண்டு. வரப்பைக்கூடச் சும்மா விடாமல் உளுந்து ஊன்றுகிற மனுஷர்.

“இன்னாம்மா இது, நாலு சும்மா கெடக்குது?”

“அதுல நாம எதுவும் வெக்க மாட்டோம் சார். நெறைய வேல ஒண்ணா ஓடும்போது மெஷினுக்கு எடம் பத்தாது. அப்போ கொஞ்சத்த அங்க எறக்கி வெச்சிட்டு அப்புறம் எடுத்துக்கும்.”

“வெல குடுத்து வாங்கின எடத்த தரிசா வுடுவாங்களா? ஒண்ணு போதும்.” சிவப்பு மையால் அடித்துத் திருத்தினார். வேண்டாம் சார் என்று அவள் இரண்டு தரம் சொன்னாள். நாங்கள் சிரித்தோம்.

மூன்று வாரம் அவள் தனியாக டைப் அடித்தாள், வண்டி ஓடியது. துணைக்கு அஸ்மா என்ற பெண் வந்து இரண்டாவது திரையில் உட்கார்ந்தாள். பிரிண்டரும் ஓடத் தொடங்கியதும் எல்லாம் நின்றுபோனது. ஸ்வாப்பில் இடமில்லை என்று திரை சொன்னது. நான்கு நாள் இதே கூத்து. நிஷாதான் மெஷினைக் கெடுத்துவிட்டாள் என்று பேச்சு கிளம்பியது. நானும் இரண்டு பேரிடம் சொன்னேன்.

வியாழக்கிழமை நிஷா செல்லப்பனிடம் போய், அழித்துவிட்டு மறுபடி பிரிக்க வேண்டும் என்றாள்.

“மூணு வாரம் அடிச்சத அழிக்கிறதா?”

“எல்லாத்தயும் பிளாப்பியில எடுத்து வெச்சிருக்கேன் சார்.”

“முடியாது.”

அவள் நகரவில்லை. “சார், உங்க நெலத்துல களம் எவ்ளோ?”

“இருவது குழி. ஏன்?”

“அதுல இன்னா போட்டிருக்கீங்க?”

“களத்துல எவம்மா பயிர் வெப்பான்? அறுத்தத எங்க போட்டு அடிக்கிறது?”

சொல்லி முடித்ததும் செல்லப்பன் பேனாவை மூடினார். அழித்துக்கொள் என்றார்.

மறுநாள் காலை டிஸ்க் துடைத்துக் கிடந்த நேரம் பார்த்து முதலாளி வந்து நின்றார். “மெஷின் ஓடலியாமே. யார் செஞ்ச வேல?”

எல்லோரும் நிஷாவைப் பார்த்தோம். சிவப்பு மை அடித்த தாள் அவள் ஃபைலில்தான் இருந்தது. அவள் அதைத் திறக்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

செல்லப்பன் எழுந்தார். “நான் செஞ்சது சார். இந்தப் பொண்ணு வேணாம்னு ரெண்டு தரம் சொல்லிச்சு. நான் காதுல வாங்கல.”

முதலாளி அவரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். “தை வரைக்கும் நாள் இருக்குதில்ல” என்றுவிட்டுப் போனார். மார்கழி பாதியிலேயே ஆயிரத்து நூறு பேர் விவரமும் ஏறிவிட்டது. நிஷா வீட்டுக்குப் போகவில்லை.

டிஸ்க்கைத் துடைத்த அன்றைக்கு, முதலாளியின் கார் கிளம்பியதும், ஸ்வாப்புக்கு எவ்வளவு என்று திரை கேட்டது. அவள் ஏதோ சொன்னாள், ஏ.சி. இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை.

“ஏ.சி.ய நிறுத்துங்கய்யா, அந்தப் பொண்ணு இன்னா சொல்லுதுன்னு கேப்போம்” என்றார் செல்லப்பன்.

நான்தான் போய் நிறுத்தினேன்.