கட்டியைப் பட்டினி போட்ட கதை

ரப்பர் விலை விழுந்து, தோட்டத்தில் பாதிப் பேரைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிய சமயம். செமோர் பக்கம் நானும் என் அக்காளும் ரப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தோம். அவளுக்கு மார்பில் கட்டி. ஈப்போ ஆஸ்பத்திரியில் புற்று என்று சொல்லி, அறுப்பதற்கு ஒரு மாசம் தவணை கொடுத்தார்கள்.

அந்த ஒரு மாசத்தில்தான், கூலிக்காரர் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கே புத்தி கெட்டது. "நீ தின்னுறதத்தான் கட்டியும் தின்னுது. பட்டினி போடு, தானா வதங்கிரும்" என்றார் அக்காள் புருஷன். மாரியம்மனுக்கு ஒரு மண்டலம் விரதம், உப்பில்லாமல் ஒரு வேளைச் சோறு என்று நேர்ந்தும் விட்டார். தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் அவள் சோற்றிலிருந்து ஆளுக்கொன்றாய்ப் பிடுங்கினார்கள். ஒருத்தி கருவாடு ஆகாது என்றாள், ஒருத்தி தேங்காய் ஆகாது என்றாள். கோழி வளர்த்தவள், "முட்டையக் கண்ணால பாக்கவே கூடாதுக்கா" என்றாள். நான் இரவல் கேட்டுவிடுவேனோ என்று அவளுக்குப் பயம்!

கட்டி வதங்கவில்லை. அவள்தான் வதங்கினாள். பால் வாளியைத் தூக்க முடியாமல் மரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். நான் கத்தினால், கையெழுத்துப் போடத் தெரியாதவள் வைத்தியம் பேச வந்துவிட்டேனாம்.

தவணை நாளில் டாக்டர் அவள் கண்ணை இழுத்துப் பார்த்தார். கத்தியையே எடுக்கவில்லை. கூட இருந்த ஆஸ்பத்திரிக் குமாஸ்தா, கிராணி, எங்களுக்குத் தமிழில் சொன்னார்: "இந்த ஒடம்புல அறுத்தா மேசையிலேயே உசுரு போயிரும். மூணு வாரம் நல்லா சாப்பாடு போட்டுக் கூட்டிட்டு வா. அதுக்கு மேல தள்ளாதே."

வந்ததும் மீன் குழம்பு வைத்தேன். அக்காள் தட்டைத் தள்ளிவிட்டாள்.

"விரதம் முடிய இன்னும் பதினெட்டு நாள் இருக்குடி. முறிச்சா ஆத்தா என் புள்ளைங்கள எடுத்துக்குவா."

"நீ போயிட்டா அதுங்களுக்கு யாரு சோறு போடுவா? இவரா?"

அக்காள் புருஷன் சுருட்டை வாயிலிருந்து எடுக்காமல், "நேந்தது நேந்ததுதான்" என்றார்.

அவளைக் கோவிலுக்கு இழுத்துப் போனேன். பூசாரியிடம் சொல்லி, விரதத்துக்காக அவள் கையில் கட்டியிருந்த காப்புக் கயிற்றை அவிழ்த்து என் கையில் கட்ட வைத்தேன். நோயாளியின் நேர்த்தியைக் கூடப்பிறந்தவள் வாங்கிக்கொள்வது எங்களுக்குள் உண்டு. இத்தனை நாள் அது ஒருத்தருக்கும் ஞாபகம் வரவில்லை பாருங்கள்! "மீதி நாள் என்னோடது. இப்ப தின்னு லா" என்றேன்.

பதினெட்டு நாள் உப்பில்லாச் சோற்றைத் தின்றுவிட்டு தினமும் முந்நூறு மரத்தில் பால் வெட்டினேன். அவளோ எதிரே உட்கார்ந்து மீன் தலையைச் சப்பிக்கொண்டு, "புளி கொஞ்சம் தூக்கல்டி" என்பாள்.

அறுத்தார்கள். பிழைத்தாள். அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் இருந்தாள். கேட்கிறவர்களிடமெல்லாம், என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொல்வாள்: "கத்தியா என்னைக் காப்பாத்துச்சு? நான் இருந்த விரதம் லா!"