மூன்றாவது குழாய்

இதைக் கேட்டுவிட்டு "சும்மா கதை விடாதே" என்று சொல்கிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம். நடந்தது என் சொந்த அக்கா வீட்டில். அதுவும் பட்டப்பகலில். பேய் என்றால் நடுராத்திரிதான் வரவேண்டும் என்று எவன் சட்டம் போட்டான்?

என் மச்சான், அதாவது அக்காவின் புருஷன், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் ஆபரேட்டர். பேய்ப் படம் போட்டால் பாதியில் குறட்டை விடுகிற ஆள். கப்சா அடிக்கக்கூடத் தெரியாது. கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை. "அந்த நாத்தத்தோட எம் பொண்ணத் தொட்டீங்க, அவ்வளவுதான்" என்று அக்கா மிரட்டி வைத்திருந்தாள். மனுஷன் வேலை முடிந்து வந்து முழங்கை வரை சோப்புப் போட்டுத் தேய்ப்பார். மோந்து பார்ப்பார். மறுபடி தேய்ப்பார். அப்புறம்தான் குழந்தையைத் தூக்குவார். அந்தப் பிசுக்கு ஒரு பொட்டுகூட அவள்மேல் படக்கூடாது. அவருக்கு இருந்த ஒரே கவலை அதுதான்.

அவர் வேலையைச் சொன்னால்தான் மற்றது புரியும். பூமியிலிருந்து வரும் கச்சா எண்ணெயில் உப்புத்தண்ணீர் கலந்திருக்கும். கண்ணுக்கே தெரியாத பொடித்துளிகள். சும்மா வைத்தால் லேசில் பிரியாது. அதனால் பஸ் நீளத்துக்கு ஓர் இரும்புப் பீப்பாயைப் படுக்கவைத்து, உள்ளே கம்பிச் சட்டங்களைத் தொங்கவிட்டு, இருபதாயிரம் வோல்ட் கொடுப்பார்கள். கரண்ட் பட்டதும் சிதறிக் கிடக்கும் துளிகள் ஒன்றையொன்று இழுத்து ஒட்டிக்கொள்ளும். பெரிதாகும். கனத்துக் கீழே இறங்கும். மேலே எண்ணெய், அடியில் தண்ணீர். நடுவில் இரண்டிலும் சேராத கசடு கொஞ்சம் மிதக்கும். பீப்பாயின் பக்கவாட்டில் ஒன்றின்மேல் ஒன்றாக ஐந்து குழாய்கள். எதைத் திறந்தால் எது வருகிறது என்று பார்த்து, உள்ளே எது எந்த மட்டத்தில் நிற்கிறது என்று தெரிந்துகொள்வார்கள்.

அந்த வாரம்தான் ஒரு புது எண்ணெய் வயலின் சரக்கு குழாய்வழியாக வர ஆரம்பித்திருந்தது. பகல் பதினொன்றரை இருக்கும். வாக்கிடாக்கியில் கண்ட்ரோல் ரூம் கூப்பிட்டது.

"வோல்ட் எறங்கிக்கிட்டே போகுது. கசடு ஏறிடுச்சு போல. மூணாவதத் தொறந்து பாருப்பா."

மச்சான் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு மூன்றாவது குழாயைத் திறந்தார். கசடு என்றால் கொழகொழவென்று கொட்ட வேண்டும். ஒன்றும் வரவில்லை. உள்ளே எதுவோ வாயை அடைத்துக்கொண்டு நிற்பதுபோல ஒரு 'ம்ம்...' சத்தம். அப்புறம் 'ப்ளக்'. ஒரே கட்டியாகப் பாட்டிலுக்குள் விழுந்தது.

ரொம்ப நேரம் தண்ணீரில் ஊறிய தோல் இருக்குமே, அந்த நிறம். நடுநடுவே மயிர். சீ... எண்ணெய் நாற்றம் அவருக்குப் பழகிப்போன ஒன்று. இது அது இல்லை. பல நாள் குளிக்காத ஆளின் அக்குள் நாற்றம். அழுக்குத் தலையணை நாற்றம். விடியற்காலை வாய் நாற்றம். எல்லாம் சேர்ந்து அடித்தது.

ஆபரேட்டர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம். கையுறையைக் கழற்றிவிட்டு, கசடை இரண்டு விரலால் நசுக்கிப் பார்ப்பார்கள். எவ்வளவு தண்ணீர், எவ்வளவு எண்ணெய் என்று விரலே சொல்லிவிடும். மச்சானும் யோசிக்காமல் நசுக்கினார். உடம்புச் சூட்டில் இருந்தது.

அது திருப்பி அமுக்கியது.

கையை உதறினார். துணியால் துடைத்தார். மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்தார். விரல் இடுக்கில் ஒட்டியது போகவே இல்லை. வாக்கிடாக்கி மறுபடி கரகரத்தது.

"வோல்ட் சரியாயிடுச்சே! என்னப்பா பண்ணுன?"

"ஒண்ணும் பண்ணல... தொறந்தேன். அவ்வளவுதான்."

பாட்டிலைச் சோதனைக்கு லேப்பில் கொடுத்தார். அங்கே இருந்த பொண்ணு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கட்டி இப்போது பாட்டிலோடு ஒட்டிப் பரவியிருந்தது. கண்ணாடிமேல் அழுந்திய இடத்தில் கோடுகள்... கட்டைவிரலில் இருக்குமே, அந்தச் சுழிக் கோடுகள்.

"சார், எடுத்துட்டுப் போயிடுங்க... ப்ளீஸ்" என்றவள் வாஷ்பேசினுக்கு ஓடினாள். மச்சான் பாட்டிலைக் கழிவுத் தொட்டியில் வீசிவிட்டு, இரண்டு மணிக்கு ஷிஃப்ட் முடிந்ததும் வீட்டுக்குக் கிளம்பினார்.

வீட்டில் நாலு தடவை சோப்புப் போட்டார். தோல் உரிந்ததுதான் மிச்சம். நாற்றம் போகவில்லை. குழந்தை உள் அறைக் கட்டிலில் வீல் வீல் என்று கத்திக்கொண்டிருந்தது. அக்கா அடுப்படியில் இருந்தாள்.

"ஏங்க, செத்த தூக்குங்களேன்!"

"வேணாம்... கை நாறுது."

வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு கூடத்திலேயே நின்றார்.

அழுகை சட்டென்று நின்றது.

உள்ளே இருந்து ஒரு சத்தம். 'ச்சு... ச்சு... ச்சு...' குழந்தையைச் சமாதானப்படுத்துகிற சத்தம். அக்காதான் உள்ளே போய்த் தூக்கிவிட்டாள் என்று நினைத்தார்.

அடுப்படியிலிருந்து அக்கா குரல் கொடுத்தாள்.

"அப்பாடா... நீங்களே தூக்கிட்டீங்களா?"

அவர் இன்னும் கூடத்தில்தான் நின்றுகொண்டிருந்தார்.

'ச்சு... ச்சு...'

விழுந்தடித்துக்கொண்டு உள்ளே ஓடினார்.

அறையில் யாரும் இல்லை. அந்த நாற்றம் மட்டும். அக்குள், தலையணை, வாய்... உவ்வே. குழந்தை பொக்கை வாயால் சிரித்துக்கொண்டிருந்தது. அடியில் விரித்திருந்த வெள்ளைத் துண்டில் பழுப்பாக ஒரு கைத்தடம். தலைக்கு அடியில். பச்சைக் குழந்தையின் கழுத்து தொங்காமல் தாங்கிப் பிடிப்போமே, அப்படி.

கன்னத்தில் பிசுபிசுவென்று ஒன்று. உதடு பதிந்த தடம்.

அதில் மயிர் ஒட்டியிருந்தது.

அக்கா போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. குழந்தையைக் கழுவினார்கள், ஆஸ்பத்திரிக்குத் தூக்கி ஓடினார்கள். ஒன்றும் இல்லை என்று டாக்டர் அனுப்பிவிட்டார். அந்தத் துண்டை நானே கொளுத்தினேன். எரியும்போது வந்த நாற்றத்தில் இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த வாரம் ஆலைக்கு ஒரு ஃபிட்டர் பம்ப் மாட்ட வந்தார். அந்தப் புது எண்ணெய் வயலில் வேலை பார்த்தவர். டீ குடிக்கும்போது அவராகத்தான் சொன்னார்.

"எங்க பக்கம் ஒருத்தன் டேங்குல விழுந்துட்டான் சார். மேல மூடியத் தொறந்து எண்ணெ அளவு பாக்கப் போனவன். வாயு அடிச்சு மயங்கி உள்ள போயிட்டான். அடியில எண்ணெயக் கலக்குற விசிறி வேற ஓடிக்கிட்டிருந்துது."

"பொணம்...?"

"என்னத்தப் பொணம்! ஒரு பூட்ஸ் கெடச்சுது. பாவம், அன்னிக்கிச் சாயங்காலம் லீவுல ஊருக்குக் கெளம்ப வேண்டியவன். பொண்ணு பொறந்திருந்தா. இன்னும் மொகத்தக்கூடப் பாக்கல. 'ஒரு தடவ தூக்கிப் பாத்துட்டு வந்துடறேன்'னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டே திரிஞ்சான்."

மச்சான் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"அந்த டேங்க் எண்ணெய எங்க அனுப்புனீங்க?"

"இங்கதான் சார். இன்னும் கால்வாசிகூட வந்திருக்காது. மீதி வந்துக்கிட்டே இருக்கு."