போடி என்று தேடினால்

ஆய்வுக்காக முதன்முதலில் இணையத்தில் "போடி" என்று தமிழில் அடித்துத் தேடியபோது வந்தவை சினிமாப் பாட்டுகளும் காதல் சண்டைகளும்தான். பக்கம் பக்கமாக யாரோ யாரையோ போடி போடி என்று விரட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் போடிநாயக்கனூரைப் பற்றி ஒரு வரி இல்லை. பின்னாலிருந்து எட்டிப் பார்த்த என் மதினி, "நீ ஊரைக் கேக்குற, அது உன்னையப் போடிங்குது" என்றாள்.

மதினி என் அண்ணன் மனைவி. விடிகாலையில் ஜீப்பில் போடிமெட்டு ஏறி, ஏலத்தோட்டத்தில் காய் எடுத்துவிட்டுச் சாயங்காலம் இறங்குகிறவள். அப்படி மலையேறும் பெண்களைப் பற்றித்தான் என் முனைவர் பட்ட ஆய்வு. வீட்டிலேயே ஆளை வைத்துக்கொண்டு நான் கம்ப்யூட்டரில் தேடுவது அவளுக்கு நல்ல வேடிக்கை.

தேடத் தேடத்தான் தேடுவது பிடிபட்டது. வெள்ளைக்காரர்கள் காலத்து மாவட்டக் கையேடுகளை ஸ்கேன் செய்து போட்டிருந்தார்கள். அவற்றில் எங்கள் ஊர்ப் பெயரை ஆளுக்கொரு விதமாக எழுதியிருந்ததால், ஒவ்வொரு எழுத்துக்கூட்டாகப் போட்டுப் பார்த்தால்தான் அகப்படும். பல பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் ஒரே தளத்தில் இலவசமாகக் கிடைத்தன. காசு கேட்கும் ஆய்விதழ்களைக் கல்லூரி நூலகத்தின் கடவுச்சொல்லைப் போட்டு வீட்டிலிருந்தே படித்தேன். மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் அட்டவணைகளில் பக்கத்துச் சிற்றூரான சிலமலை வரைக்கும் ஊர் ஊராக இறங்கிப் பார்க்க முடிந்தது.

இவ்வளவு இருந்தும், அந்தப் பெண்கள் ஜீப்பில் எப்படி உட்கார்ந்து போகிறார்கள் என்று எதிலும் இல்லை. அட்டவணையில் அவர்கள் "விவசாயக் கூலிகள், பெண்கள்" என்ற ஒரு கட்டத்தோடு முடிந்துபோனார்கள். எனவே போனை எடுத்துக்கொண்டு பதினோரு பெண்களிடம் போய்ப் பேச்சைப் பதிவு செய்தேன். அதில் மதினி சொன்னதுதான் ஆய்வுக்கே முதுகெலும்பு. ஒரு மழைக்காலத்தில், நிரம்பி வழிந்த ஜீப்பில் டிரைவர் இன்னொருத்தி மடியில் உட்காரச் சொன்னபோது அவள் கீழே இறங்கி நின்றுவிட்டாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் இறங்கினார்கள். அன்றிலிருந்து அந்த வண்டியில் நெருக்கி ஏற்றுவதில்லை.

பதிவுகளை எழுத்தாக்கிப் பல்கலைக்கழகத்தின் இணையக் காப்பகத்தில் சேர்க்க வேண்டும். பின்னால் எந்த ஆய்வாளரும் அதில் தேடிப் படிக்கலாம். ஆனால் பேசியவர் பெயர் வரக்கூடாது, எண் மட்டும்தான். ஒவ்வொருவரும் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். சேர்த்த பிறகு ஒரு எழுத்தையும் மாற்ற முடியாது.

பத்துப் பேர் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். மதினியை மட்டும் கடைசிக்கு வைத்திருந்தேன். வீட்டு ஆள், எங்கே போய்விடப் போகிறாள் என்ற மிதப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பூண்டு உரித்துக்கொண்டிருந்தவளிடம் படிவத்தை நீட்டினேன்.

"எம்பேரு வராதா?"

"வராது மதினி. நாலாம் நம்பர்னு வரும். உங்க நல்லதுக்குத்தான்."

"நான் என்ன திருடிட்டா வந்தேன்? பேரு வேணாம்னா போகட்டும். என்னையத் தேடினா நான் கெடைக்கணும்ல? தேடு பாப்போம்."

"எப்படித் தேட?"

"சோலின்னு போடு. நான் வாயெடுத்தா அதானே சொல்லுவேன்."

எழுத்தாக்கியதெல்லாம் லேப்டாப்பில் இருந்தது. சோலி என்று அடித்தேன். ஒன்றும் இல்லை என்றது திரை. ஏன் இல்லை என்று அந்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது. எல்லோருக்கும் புரிகிற தமிழாக இருக்கட்டும் என்று என் நெறியாளர் சொல்லியிருந்தார். நான் ஒரு படி மேலே போய் ஆளாளுக்கு இலக்கணம் பூசியிருந்தேன். ஜீப்பிலிருந்து இறங்கிய அன்று அவள் சொன்னது, "சோலி போனாப் போகுது, உசுரு போனா வருமா?" என்பது. நான் எழுதியிருந்தது, "வேலை போனால் பரவாயில்லை, உயிர் போனால் திரும்பி வருமா?" என்று. படித்துக் காட்டினேன்.

"இது யாரு, டீச்சரா?" என்று கேட்டுவிட்டு மதினி மறுபடி பூண்டை எடுத்துக்கொண்டாள். கையெழுத்துப் போடவில்லை.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. வெள்ளிக்கிழமைக்குள் காப்பகத்தில் ஏற்ற வேண்டும். இவள் கையெழுத்து இல்லையென்றால் முக்கியமான அத்தியாயமே இல்லை. பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவள் பேசியதைத் திரும்பக் கேட்டேன். வெட்கமாக இருந்தது. வெள்ளைக்காரர்கள் ஊர்ப் பெயரைக் கண்டபடி எழுதிவைத்ததற்கு அவ்வளவு அலுத்துக்கொண்ட நான், சொந்த வீட்டு ஆள் பேச்சை அதைவிட மோசமாக எழுதியிருக்கிறேன். நெறியாளருக்குப் போன் செய்து, பேசியதைப் பேசியபடியே வைக்கிறேன், அருஞ்சொல்லுக்குக் கடைசியில் பொருள் தருகிறேன் என்றேன். ஒப்புக்கொண்டார். பதினோரு பேச்சையும் முதலிலிருந்து கேட்டுத் திருத்த வியாழக்கிழமை ஆகிவிட்டது.

அன்று சாயங்காலம் மதினி ஜீப்பிலிருந்து இறங்கி வந்து, முகம் கழுவிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். சோலி என்று அடித்தேன். திரை நிறைய அந்தச் சொல் மஞ்சள் மஞ்சளாக வந்தது.

"இம்புட்டும் நானா?"

"இல்ல மதினி. உங்ககூட வர்றவுக எல்லாரும் சொல்லியிருக்காக."

"எல்லாரும்னா? ஒருத்தி விடாமயா?"

"பதினோரு பேரும்."

அவள் விரலை வைத்து எண்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நான்கில் கொஞ்ச நேரம் விரல் நின்றது. "சரி, பேனாவக் கொண்டா. இதுல நெருக்கி ஏத்தினாத் தப்பில்ல" என்றாள்.

முன்னெழுத்தோடு முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பெயர் இருப்பதால் விதிப்படி அந்தத் தாள் காப்பகத்துக்குப் போகவில்லை. என் பீரோவில் இருக்கிறது.