சாவி இல்லாத பித்தளைப் பூட்டு

பல் மருத்துவமனையில் மருந்து அலமாரியின் சாவி ஒரு நாள் பூட்டுக்குள்ளேயே முறிந்துபோனது. டாக்டர் பூட்டுக்காரரை வரவழைத்தார். அங்கே உதவியாளராக இருந்தவள் அவருக்கு விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சுத்தியலும் துளைபோடும் மிஷினும் வெளியே வரும் என்றுதான் எதிர்பார்த்தாள். மனிதர் முறிந்த துண்டை நைசாக இழுத்துப் போட்டுவிட்டு, மெல்லிய இரண்டு கம்பிகளை உள்ளே விட்டார். பார்வையை எங்கோ சுவரில் வைத்துக்கொண்டு, யாரோ காதில் ரகசியம் சொல்வதைக் கேட்பவர்போல நின்றார். பூட்டு திரும்பியது. முரட்டுத்தனம் என்பது மருந்துக்கும் இல்லை.

அவள் குனிந்து சாவித் துளைக்குள் பார்த்தாள். நாற்பதைத் தாண்டியவள், தினமும் எத்தனையோ பூட்டைத் திறந்து மூடியிருக்கிறாள். உள்ளே என்ன நடக்கிறது என்று ஒரு தடவைகூட நினைத்துப் பார்த்ததில்லை.

"உள்ள என்னங்க இருக்கு?"

"வரிசையா சின்னச் சின்னக் குச்சிம்மா. ஒவ்வொண்ணையும் ஒரு ஸ்பிரிங் அமுக்கிப் பிடிச்சிருக்கும். சாவி போட்டா எல்லாம் அததோட உயரத்துக்கு வந்து நிக்கும், நடுவுல இருக்கிற உருளை சுத்தும். நான் ஒவ்வொண்ணா எழுப்பிவிட்டேன், அவ்வளவுதான்."

"இந்தக் கம்பியெல்லாம் எங்க கிடைக்கும்?"

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "எதுக்கு?"

"சும்மா. நானும் அதத் தெரிஞ்சுக்கணும்."

பூட்டுக்காரர் சிரித்துவிட்டார். "வச்சிருக்கலாமான்னு முதல்ல விசாரிச்சுக்கங்க, இடத்துக்கு இடம் சட்டம் வேற. பூட்டுச் சாமான் விக்கிற மொத்தக் கடையில செட்டாவே இருக்கு. ஆனா பழகுறதுக்கு அது வேண்டாம். பழைய வைப்பர் பிளேடுக்குள்ள நீளமா ஒரு தகடு இருக்கும். ரோடு கூட்டுற வண்டியோட பிரஷ்ல இருந்து உதிர்ந்த கம்பி ஓரமா கிடக்கும். அரத்தால ராவிக்கிட்டா போதும்." பையைத் தோளில் மாட்டியவர் நின்றார். "உங்க பூட்ட மட்டும் தொடுங்க. அதுலயும் கதவுல மாட்டியிருக்கிறத தொடாதீங்க. கெட்டுப்போனா நீங்க வெளிய நிக்கணும்."

விசாரித்தாள், தடை எதுவும் இல்லை. அவள் கணவர் பஸ் டிப்போவில் மெக்கானிக். சாப்பிட உட்கார்ந்தவரிடம் மெதுவாக ஆரம்பித்தாள்.

"என்னங்க, டிப்போவுல கழிச்சுப் போடுற வைப்பர் பிளேடு ஒண்ணு ரெண்டு கேட்டு வாங்கிட்டு வர்றீங்களா?"

"நம்மகிட்ட வண்டியே இல்லையே."

"பூட்டு திறக்க."

வாய்க்குப் போன கை பாதியில் நின்றது. "சாவியத் தொலச்சிட்டியா?"

"இல்லங்க. சாவி இல்லாமத் திறக்கப் பழகப் போறேன்."

"இந்த ஆசைய கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாம்," என்றார். ஆனால் மறுநாளே தகடுகளைக் கொண்டுவந்து கொடுத்தார்.

நாத்தனாருக்குத்தான் பொறுக்கவில்லை. "பல்லு புடுங்குற இடத்துல வேலை பாத்துட்டு இப்பப் பூட்டப் புடுங்கக் கிளம்பிட்டீங்களா அண்ணி? மாடி வீடுகள்ல நாளைக்கு ஏதாவது காணாமப் போனா முதல்ல யார் கதவத் தட்டுவாங்க?"

கேள்வியில் நியாயம் இருந்தது. அதனால் அவள் ஒளித்துச் செய்யவில்லை. வாசல் கதவைத் திறந்துவைத்துவிட்டு, படியேறிப் போகிறவர்கள் கண்ணில் படும்படி மேசையைப் போட்டு உட்கார்ந்தாள். அக்கம்பக்கத்தார் முதலில் எட்டிப் பார்த்தார்கள். அப்புறம் துருப்பிடித்த சைக்கிள் பூட்டுகளைக் கொண்டுவந்து, "இதையும் வச்சுக்கங்க" என்று கொடுத்துவிட்டுப் போனார்கள்.

சில்லறைப் பூட்டுகள் சீக்கிரமே பணிந்தன. பழைய இரும்புக் கடையில் அந்தப் பித்தளைப் பூட்டைப் பார்த்தபோதுதான் விஷயம் வேறானது. கையில் வைத்தால் கை தாழ்கிற கனம். பேர், முத்திரை எதுவும் இல்லை.

"சாவி கிடையாதும்மா. பேப்பர் பறக்காம வைக்கத்தான் ஆகும்," என்றார் கடைக்காரர்.

"எனக்குச் சாவி வேண்டாங்க," என்றாள்.

அந்தப் பூட்டு அவளை மாதக்கணக்கில் அலைக்கழித்தது. ஒரு கம்பியால் உருளையை லேசாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, இன்னொன்றால் குச்சிகளை எழுப்புவாள். எல்லாம் சரியாக அமைந்த மாதிரி உருளை கொஞ்சம் நகரும். திறந்துவிட்டது என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். அத்தோடு நின்றுவிடும். அழுத்தினால் இன்னும் இறுகும். கோபத்தில் அதைத் துணியில் சுற்றி அலமாரியில் போட்டுவிட்டு, கொஞ்ச நேரத்தில் தானே போய் எடுத்து வருவாள்.

ஒரு விடுமுறை நாள் காலையில், எழுப்பிய குச்சி ஒன்று உருளையைப் பின்பக்கமாகத் தள்ளுவது விரலில் தெரிந்தது. எப்போதும் விடாமல் எதிர்த்துப் பிடிப்பவள், அன்று விட்டுக்கொடுத்துப் பார்த்தாள். உருளை மயிரிழை அளவு பின்னால் போனது. குச்சி மேலே ஏறி அமர்ந்தது. அடுத்ததற்கும் அப்படியே விட்டுக்கொடுத்தாள். பூட்டின் வளையம் விடுபட்டு எழும்பி அவள் உள்ளங்கையில் இடித்தது.

பிரித்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. வளையம் இருந்த துளைக்குள் ஒளிந்திருந்த திருகைக் கழற்றி, குச்சிகளை வெள்ளைத் துணியில் கொட்டினாள். சில நேராக இருந்தன. சிலவற்றின் நடுப்பகுதியை மட்டும் கடைந்து, நூல் சுற்றும் கட்டைபோல இடுப்பு ஒடுங்கச் செய்திருந்தார்கள். சாவி போடுகிறவனுக்கு அது எந்த வித்தியாசமும் செய்யாது. கம்பியோடு வருகிற ஆளை ஏமாற்ற மட்டுமே செய்தது. கொஞ்சம் திரும்பவிட்டு, அந்த ஒடுங்கிய இடுப்பில் சிக்கவைத்திருக்கிறது.

ஒரு குச்சியை விரல் நுனியில் எடுத்தாள். என்றைக்கோ, எங்கேயோ, ஒரு பட்டறையில் யாரோ குனிந்து உட்கார்ந்து, இப்படி ஒரு விரல் வரும், இங்கே தடவும், இங்கே அவசரப்படும் என்று நினைத்துப் பார்த்திருக்கிறார். முகம் தெரியாத அந்த ஆள் அவள் அவசரத்தை அவளைவிட நன்றாக அறிந்திருந்தார். அரிசிமணி அளவு பித்தளையில் இவ்வளவு யோசனையா என்று பார்த்தபடியே இருந்தாள்.

கணவர் எழுந்து வந்து எதிரே உட்கார்ந்தார். அவள் சொன்னதையெல்லாம் கேட்டார்.

"என் கை காய்ப்பு பிடிச்ச கை. எனக்கு எங்க தெரியப்போகுது," என்றார்.

"மாட்டித் தர்றேன். நீங்க பிடிச்சுப் பாருங்க."

மறுபடி கோக்கும்போது ஒரு ஸ்பிரிங் துள்ளி அலமாரிக்கடியில் ஓடியது. இருவரும் தரையில் படுத்துத் தேடி எடுத்தார்கள். பூட்டிவிட்டு, திருப்பும் கம்பியில் அவர் விரலை வைத்தாள். தான் குச்சிகளை எழுப்பினாள்.

"அழுத்தாதீங்க. பின்னாடி வந்தா விட்டுடுங்க."

அவர் தலையைப் பூட்டின் பக்கம் சாய்த்தார். கொஞ்ச நேரம் கழித்து அவர் முகம் மாறியது.

"தள்ளுது," என்றார் தாழ்ந்த குரலில். "உள்ள இருந்து என் விரலத் தள்ளுது."

வளையம் எழும்பியதும் அவர் கையை எடுக்கவில்லை. பூட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வளையத்தைத் தானே அழுத்திப் பூட்டி, பூட்டை அவள் பக்கம் நகர்த்தினார்.

"இன்னொரு தடவ," என்றார்.