வாடை தெரியாதவள்

கௌசலா மலேசியாவின் கிள்ளான் ஊர்க்காரி. தெலுக் பங்லிமா காராங்கில் உள்ள ஒரு ரசாயனக் கிடங்கில் பதினோரு ஆண்டுகளாக வேலை பார்த்தாள். டேங்கர் லோரி வந்து நின்றதும் அதையும் கிடங்கின் தொட்டியையும் தடித்த ரப்பர் ஹோஸால் இணைத்துவிடுவதுதான் அவள் வேலை. ஹோஸின் நுனியில் இரண்டு காது வைத்த கப்ளிங் இருக்கும். குழாயின் வாயில் செருகிக் காதுகளை மடக்கினால் ‘டக்’கென்று பிடித்துக்கொள்ளும். ஆசிட்டுக்கு ஓர் அளவு, பிளீச்சுக்கு வேறோர் அளவு. மறதியில் தவறான ஹோஸை எடுத்தாலும் வாய்க்குள் ஏறாது. இரண்டும் ஒரே தொட்டியில் கலந்தால் விஷவாயு கிளம்பும் என்பதற்காக அப்படிச் செய்திருந்தார்கள்.

2021இல் வந்த கோவிட் அவளுடைய மோப்பத்தைக் கொண்டுபோய்விட்டது. காய்ச்சல் போனது, இருமல் போனது, வாடை மட்டும் திரும்பி வரவே இல்லை. ரசம் கொதிப்பதும் கழிவுநீர் ஓடுவதும் அவளுக்கு ஒன்றுதான். டாக்டர், “வரலாம், வராமலும் போகலாம்” என்றார். கிடங்கில் சொன்னால் வேலை போய்விடுமோ என்று பயந்து அவள் வாயைத் திறக்கவில்லை.

அதற்குப் பதிலாக மற்றவர்களின் முகத்தைப் பார்க்கக் கற்றுக்கொண்டாள். கூட வேலை செய்த மாதவி மூக்கைச் சுளித்தால் இவளும் சுளிப்பாள்.

“இன்னிக்கு ஆசிட் ரொம்ப தூக்குதுலா அக்கா.”

“ஆமா, தாங்க முடியல.”

நான்கு ஆண்டுகள் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

போன வருஷம் மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை. காலை பத்து மணி, நல்ல வெயில். மாதவி லீவு. வழக்கமாக வருகிற டிரைவருக்குப் பதிலாக பக்கிரிசாமி என்ற புது ஆள் லோரியைக் கொண்டுவந்து நிறுத்தினான்.

“என்ன சரக்கு தம்பி?”

“ஆசிட்டுதான்கா. பேப்பர் பாருங்க.”

பேப்பரில் ஆசிட் என்றுதான் இருந்தது. லோரியிலிருந்து ஒரு சின்ன பாட்டிலில் கொஞ்சம் பிடித்தாள். வெளிறிய மஞ்சள் நிறம். ஆசிட்டும் அப்படித்தான் இருக்கும், பிளீச்சும் அப்படித்தான் இருக்கும். பழகிய எவரும் மூடியைத் திறந்த கணத்திலேயே வித்தியாசத்தைச் சொல்லிவிடுவார்கள். கௌசலா பாட்டிலை மூக்கருகே கொண்டுபோனாள். நான்கு ஆண்டுகளாகச் செய்துவந்த நடிப்பு. தலையாட்டினாள்.

ஆசிட் ஹோஸ் லோரியின் குழாயில் ஏறவில்லை. பக்கிரிசாமி வண்டியிலிருந்து ஒரு அடாப்டரை எடுத்துவந்தான்.

“சைஸ் வேறக்கா. இத நடுவுல போட்டா சரியாயிடும்.”

அவள் ஒரு நொடி தயங்கினாள். வெயில் சுட்டது. அவன் மாட்டினான், அவள் காதுகளை மடக்கினாள். டக்.

அவன் ஏறி உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றி, ஏர்கோனைப் போட்டுக்கொண்டான். அவள் வால்வைத் திறந்து பம்பை ஓடவிட்டாள். ஹோஸ் ஒருமுறை துள்ளிவிட்டு, எதையோ விழுங்குவதைப் போல நடுங்கத் தொடங்கியது. முகமூடிக் கண்ணாடியை நெற்றிக்கு மேலே தூக்கிவிட்டு அவள் படியில் உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரத்தில் கன்னம் நனைந்தது. அவள் அழுதுகொண்டிருந்தாள். ஏன் என்று தெரியவில்லை. மனதில் ஒரு வருத்தமும் இல்லை. துடைத்தாள், மறுபடியும் வழிந்தது. கூரையில் எப்போதும் கத்தும் காக்கைகளைக் காணோம். படிக்குக் கீழே குடியிருந்த சாம்பல் நிறப் பூனை ஊர்ந்து வெளியே வந்து, அவளைப் பார்த்து வாயைத் திறந்தது. சத்தமே வரவில்லை. திறந்த வாய் திறந்தபடியே பக்கவாட்டில் சாய்ந்தது.

அப்போதுதான் தரையைப் பார்த்தாள். தொட்டியின் மூச்சுக்குழாயிலிருந்து மஞ்சளும் பச்சையுமாக ஒரு மூட்டம் இறங்கி, யாரோ பாய் விரிப்பதைப் போல நிதானமாக லோரியின் சக்கரங்களை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அதற்கு வாடை இல்லை, சத்தம் இல்லை. அவளுக்கு அது கனவில் நடப்பதைப் போலவே இருந்தது. பிறகு நெஞ்சை யாரோ பிடித்து முறுக்கினார்கள். இருமல் வந்தது. லோரியில் வந்தது ஆசிட் இல்லை என்று புரிந்தது.

பம்பை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை அடித்தாள். வால்வை மூடினாள். லோரியின் ஏறுபடி அதற்குள் மூட்டத்தில் மறைந்திருந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு போய்க் கதவை அறைந்தாள். பக்கிரிசாமி கதவைத் திறந்தான், ஒரு மூச்சு இழுத்தான், அப்படியே அவள் மேல் சரிந்தான். சட்டைக் காலரைப் பிடித்துக் காற்று வரும் திசையில் வாசல் கேட் வரைக்கும் இழுத்துக்கொண்டு போனாள். பின்னால் சைரன் அலறியது.

ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் கிடங்கின் பாதுகாப்பு அதிகாரி திருச்செல்வம் வந்தார்.

“அனுப்பின இடத்துல பேப்பர மாத்திக் குடுத்துட்டாங்க. வந்தது பிளீச். உங்க மேல தப்பில்ல கௌசலா.”

அவள் அத்தோடு விட்டிருக்கலாம்.

“சார், அந்த பாட்டில மோந்து பாத்துட்டு நான்தான் சரின்னேன். எனக்கு நாலு வருஷமா வாடையே தெரியாது சார்.”

அவர் எழுதுவதை நிறுத்தினார். பிறகு அதையும் எழுதிக்கொண்டார்.

வேலை போகவில்லை. அவளை இறக்குமிடத்திலிருந்து எடுத்து, பழைய ஹோஸ்களில் தண்ணீர் ஏற்றி ஓட்டை பார்க்கும் கொட்டகையில் போட்டார்கள். கிடங்குக்குள் அடாப்டர் கொண்டுவரக் கூடாது என்று போர்டு வைத்தார்கள். பாட்டிலை இப்போது யாரும் மோப்பதில்லை. நிறம் மாறும் பட்டையை நனைத்துப் பார்க்கிறார்கள்.

பக்கிரிசாமிக்கு நுரையீரல் முழுதாகத் தேறவில்லை. இரண்டு மாதம் கழித்து கௌசலா அவன் வீட்டுக்குப் போனாள். எல்லாவற்றையும் சொன்னாள். அவன் தலையைக் குனிந்தபடி கேட்டான்.

“அடாப்டர் போட்டது நான்தானேக்கா,” என்றான். பிறகு, “ஹோஸ் ஏறலன்னதும் எனக்கும் டவுட்டுதான். ஆனா நீங்க மோந்து பாத்துத் தலையாட்டினீங்க. அந்த தைரியத்துலதான் மாட்டினேன்” என்றான்.

சொல்லி முடித்ததும் அவனுக்கு இருமல் வந்துவிட்டது. நிற்கவே இல்லை. அவன் மனைவி உள்ளேயிருந்து ஓடிவந்து முதுகைத் தடவினாள். இருமல் அடங்கும்வரை கௌசலா எதிர் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.