காலியாக வரக்கூடாத வள்ளம்

புதிதாக ட்ரெய்லர் இழுக்க வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான். பின்னால் ஆட்டம் தொடங்கினால் பிரேக்கைத் தொடாதே. பிரேக் பிடித்தால் முன்னால் போகிற வண்டி நிற்கும், பின்னால் வருகிற லோடு நிற்காது. அது வண்டியைத் தள்ளி, மடக்கி, ரோட்டுக்குக் குறுக்கே போட்டுவிடும். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடு, ஸ்டியரிங்கை நேராகப் பிடி, பொறு. சொல்வது சுலபம். கருங்கல் ஊரைத் தாண்டி ஓர் இறக்கத்தில் அதைச் செய்ய வேண்டி வந்தபோது, எனக்கே அது பெரும்பாடாகிவிட்டது.

1. மூக்கு கனம்

என்னிடம் இருப்பது பழைய, சின்ன எஸ்.யூ.வி. ஊரில் அதை ஜீப்பு என்றுதான் சொல்வார்கள். கல்ஃபில் பெரிய வண்டிகளில் படகு இழுத்துப் பழகிவிட்டு, ஊருக்கு வந்து இதை வாங்கிப் பின்னால் ட்ரெய்லர் மாட்டுகிற ஹிட்ச் வைத்தேன். "யானை இழுக்குற மரத்தடிய ஆட்டுக்குட்டி இழுக்குமாண்ணே?" என்று கேலி செய்தார்கள். ஆட்டுக்குட்டிக்குத் தக்க தடி வைத்தால் இழுக்கும் என்றேன்.

சின்ன வண்டிக்குக் கனமும் குறைவு, நீளமும் குறைவு. பின்னால் வருவது ஆட்டுவித்தால் ஆடிவிடும். அதனால் லோடு ஏற்றியதும் ட்ரெய்லரின் மூக்கை, அதாவது ஹிட்சில் மாட்டும் முனையை, கையால் தூக்கிப் பார்ப்பேன். நன்றாகக் கனக்க வேண்டும். லேசாக எழும்பினால் கனம் பின்பக்கம் இருக்கிறது என்று அர்த்தம். அந்த ட்ரெய்லர் ரோட்டில் வாலாட்டும்.

அன்று அஞ்சுகிராமம் பக்கத்துப் படகு யார்டு ஒன்றிலிருந்து இனயம் கடற்கரைக்கு ஒரு புது ஃபைபர் மீன்பிடி வள்ளம் போக வேண்டும். வள்ளக்காரர் சூசைக்கு முப்பது வயது இருக்கும். யார்டுக்காரர்கள் எஞ்சினைப் பின்னால் மாட்டியே வைத்திருந்தார்கள். கழற்றி, நடுவுக்குச் சற்று முன்னால் வைத்துக் கட்டச் சொன்னேன். மூக்கு கனத்தது. பெல்ட் இறுக்கி, சேஃப்டி செயின் மாட்டி, தார்ப்பாய் மூடினோம்.

அப்போது சூசை, "அண்ணா, நான் வள்ளத்துக்குள்ள இருந்துட்டு வாரேன்" என்றார்.

"ட்ரெய்லர்ல ஆளு ஏறக்கூடாது தம்பி."

"பைய போனா போதும்லா?"

"பைய போனாலும் கூடாது. எங்கிட்ட அதுக்குப் பேச்சே இல்ல."

அவர் வந்து என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார்.

2. இறக்கம்

சுசீந்திரம், நாகர்கோவில் நெரிசல் எல்லாம் தாண்டித் தக்கலையில் சாயா குடிக்க நிறுத்தினேன். வழி முழுக்க சூசை திரும்பித் திரும்பி வள்ளத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். சாயாக் கடையில், "எம் மச்சான் பைக்குல வாரான். அவன்கூட முன்னால போயி வள்ளம் எறக்க ஆளுகளக் கூட்டுதேன். நீங்க பொறப்படுங்க" என்றார். நான் முகம் கழுவிவிட்டு வந்தபோது ஆளைக் காணவில்லை. செயினையும் டயரையும் பார்த்துவிட்டுக் கிளம்பினேன்.

நெரிசலில் மெல்லப் போனவரை ஒன்றும் தெரியவில்லை. கருங்கல் தாண்டி அந்த இறக்கத்தில் எதிரே ஒரு பஸ் விரைந்து போனது. அதன் காற்று பட்டதுதான் தாமதம், வண்டியின் பின்பக்கத்தை யாரோ பிடித்து இடமும் வலமும் இழுப்பதுபோல் இருந்தது. இடது கண்ணாடியில் வள்ளத்தின் வால் தெரிந்தது. அடுத்த நொடி வலது கண்ணாடியில் தெரிந்தது.

கால் தானாகப் பிரேக்குக்குப் போனது. வலுக்கட்டாயமாக இழுத்துக்கொண்டேன். ஆக்ஸிலேட்டரை விட்டு, ஸ்டியரிங்கை அசைக்காமல் பிடித்து, கர்த்தரைக் கூப்பிட்டுக்கொண்டு காத்திருந்தேன். ஆட்டம் கூடிப்போய், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. ஓரங்கட்டிச் சக்கரத்துக்குக் கல் வைத்தேன்.

எஞ்சின் கட்டு அவிழ்ந்து பின்னால் நகர்ந்திருக்கும் என்று நினைத்துத் தார்ப்பாயைத் தூக்கினேன். எஞ்சின் வைத்த இடத்திலேயே இருந்தது. வள்ளத்தின் கடைசியில், கயிற்றுச் சுருளுக்குப் பக்கத்தில், சூசை மல்லாந்து படுத்திருந்தார். முகம் வெளுத்துப் போயிருந்தது.

"எறங்குலே கீழ!" என்று கத்தினேன். மரியாதை எல்லாம் போய்விட்டது. "செத்திருப்பியே! ஒங்க வீட்டுல யாருக்குலே நான் பதில் சொல்லுவேன்?"

அவர் இறங்கி ரோட்டோரம் குத்தவைத்து உட்கார்ந்தார். பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். அவருடைய அண்ணன் கடலுக்குப் போன வள்ளத்தை வேறு ஆட்கள் கட்டி இழுத்துக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். அதில் அண்ணன் இல்லை. உடலும் கிடைக்கவில்லை. அந்த வள்ளம் காலியாக வருவதை அவர்களைப் பெற்ற அம்மை கரையில் நின்று பார்த்திருக்கிறார்.

"ஆளில்லாத வள்ளம் இனி எம் முன்னால வரக்கூடாதுன்னு சொல்லிட்டா அண்ணா. நான் அதுல இருந்துதான் வருவேன்னு அம்மைக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்தேன்."

அதற்கு மேல் நான் திட்டவில்லை. அதற்காக அவரை வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு போகவும் முடியாது. 

"அம்மை எங்க நிப்பாங்க?" என்று கேட்டேன்.

"சிலுவ நிக்குற குருசடி பக்கத்துல."

"அதுக்கு முன்னால ரோடு சமமாத்தானே கிடக்கு? அங்க ஜீப்பக் கழத்துதேன். ஒங்க ஆளுக கையால தள்ளட்டும். நீ உள்ள இருந்துக்கோ. அதுவரைக்கும் எம் பக்கத்துல உக்காரு."

3. குருசடி

சூசை போன் செய்து சொல்லியிருந்ததால் ஊர் எல்லையில் ஆட்கள் காத்திருந்தார்கள். ஜீப்பைக் கழற்றி, தார்ப்பாயை எடுத்தோம். நான்கு பேர் ட்ரெய்லரின் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள், மற்றவர்கள் இரண்டு பக்கமும் தள்ளினார்கள். சூசை வள்ளத்தின் நடுவில் உட்கார்ந்திருந்தார். சக்கரம் உருண்டால் தடுப்பதற்குக் கையில் கல்லோடு நான் பக்கத்திலேயே நடந்தேன்.

குருசடி பக்கத்தில் நின்ற அம்மை வள்ளத்தின் நிறத்தைப் பார்க்கவில்லை, எஞ்சினைப் பார்க்கவில்லை. உள்ளே இருந்த மகனை மட்டும் பார்த்தார். கிட்டே வந்ததும் வள்ளத்தின் விளிம்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு, கரை வரைக்கும் கூடவே நடந்தார்.

கரையில் இறங்கியதும் சூசை மறைக்காமல் சொல்லிவிட்டார். "தக்கலையில இருந்து உள்ள படுத்துதான் வந்தேம்மா. இந்த அண்ணன்தான் வழியில எறக்கி விட்டாங்க."

அம்மையின் முகம் மாறிவிட்டது. "படுத்துக்கிட்டா வந்த?" என்று சிலுவை போட்டுக்கொண்டார். வள்ளத்தில் படுக்கவைத்துக் கரைக்குக் கொண்டுவருவது செத்தவர்களைத்தான். பிறகு என் கையைப் பிடித்தார்.

"நீ செஞ்சது நல்லதாப் போச்சு மக்கா. நீ எறக்கி விட்டதுனாலதானே எம்பிள்ள உக்காந்து வந்தான்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அன்று முதல், வண்டியை எங்கே நிறுத்தினாலும் தார்ப்பாயைத் தூக்கிப் பார்க்காமல், மூக்கின் கனத்தைச் சரிபார்க்காமல் திரும்பக் கிளம்புவதில்லை. நீங்களும் அப்படியே செய்யுங்கள். ட்ரெய்லரில் ஆளை ஏற்றமாட்டேன் என்பதில் இன்றைக்கும் மாற்றம் இல்லை. ஆனால் முடியாது என்று சொல்வதற்கு முன்னால், போய்ச் சேருகிற இடத்தில் யார் காத்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கிறேன்.