சிவப்பு மை அடித்த மூன்று வரிகள்

இன்று சங்கரன்கோவிலில் என் பெயரைச் சொல்லி ஆட்டோவில் ஏறினால் ஓட்டுகிறவர் வழி கேட்கமாட்டார். இருபது விசைத்தறி, மூன்று லாரி, எல்லாம் இந்தக் கையால் வந்தவை. எட்டாம் வகுப்பை இரண்டு தடவை படித்து, இரண்டு தடவையும் தோற்று, அதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். ஆனாலும் அங்கே ஒரே ஒரு முதல் பரிசு வாங்கியிருக்கிறேன். பேச்சுப் போட்டியில். தலைப்பு, எய்ட்ஸ்.

சிரிக்க வேண்டாம். முப்பது வருஷத்துக்கு முன்னால் அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொல்ல எங்கள் ஊரில் ஆள் கிடையாது. சுகாதாரத் துறையிலிருந்து யாரோ வந்து ஒரு போட்டி வைக்கச் சொல்லிவிட்டுப் போனார்கள். நன்றாகப் படிக்கிற பையன்கள் கூச்சப்பட்டுப் பின்வாங்கிவிட்டார்கள். தமிழ் வாத்தியார் என்னைப் பிடித்தார். எனக்குக் கூச்சம் கிடையாது, தொண்டை உண்டு. நாலு தறி ஓடுகிற வீட்டில் பிறந்தவன், சோறு கேட்பதென்றாலும் கத்தித்தான் கேட்க வேண்டும்.

வாத்தியார் ஒரு துண்டறிக்கையைப் பார்த்து இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தார். அதைத் தலைமையாசிரியர் வாங்கிப் படித்துவிட்டு, கடைசி மூன்று வரியைச் சிவப்பு மையால் அடித்தார்.

"இதெல்லாம் பிள்ளைகள் வாயில வரப்பிடாது வே" என்று வாத்தியாரிடம் சொல்லிவிட்டு, அடித்ததற்குக் கீழே 'ஒழுக்கமே மருந்து' என்று எழுதினார். நான் அடிக்காததை மட்டும் மனப்பாடம் செய்தேன். போட்டியன்று நான் போட்ட சத்தத்தில் மைக் தேவைப்படவில்லை. பரிசு, ஒரு எவர்சில்வர் டம்ளர்.

அப்போது மாமா வீட்டில் இருந்தார். அம்மாவின் தம்பி. சேலம், பம்பாய் என்று லாரி ஓட்டுகிறவர். தாய் தகப்பன் இல்லாததால் எங்கள் வீட்டோடுதான் வாசம். கல்யாணமாகி ஏழு மாதம். அத்தை இளையரசனேந்தல் பக்கத்துப் பெண். தறிச்சத்தத்தையே அதற்கு முன் கேட்டறியாதவள், வந்த ஒரு மாதத்தில் தறிக்கு நூல் சுற்றப் பழகிவிட்டாள்.

அந்தத் தடவை மாமா சேலத்திலிருந்து பாதி ஆளாக இளைத்து வந்தார். திரும்ப லாரி ஏறவில்லை. இருமல் என்று சொல்லிக் கட்டிலைத் தூக்கித் தறிக்கூடத்து மூலையில் போட்டுக்கொண்டு அங்கேயே கிடந்தார். கையெல்லாம் சொறி. அத்தை கோவில் புற்றுமண்ணைக் குழைத்துத் தடவப் போனால், "நானே தடவிக்கிடுதேன், நீ போ" என்பார். அம்மாவுக்கு அது பொறுக்கவில்லை. தம்பியை ஒன்றும் சொல்லமாட்டாள், அத்தையைத்தான் குத்துவாள்.

"புருசன் தனியாப் படுத்துக் கெடக்கான். ஒனக்குச் சோறு எறங்குதாட்டி?"

"நான் என்ன செய்ய மதினி? கிட்டப் போனாலே வெரட்டுதாவ" என்று அத்தை முந்தானையால் மூக்கைத் துடைப்பாள்.

நான் டம்ளரோடு வந்தது ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். மாமா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார்.

"என்னத்துக்குல பரிசு?"

சொன்னேன். டம்ளரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "எங்க, பேசிக் காட்டு" என்றார். நான் கட்டிலுக்கு எதிரே நின்று வணக்கம் வைத்தேன்.

"அங்கன நிக்காத. இங்கன வந்து, அடுக்களையப் பாத்து நில்லு. சத்தமாப் பேசு."

அடுக்களை வாசலில் அத்தை நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். தொட்டால் பரவாது, ஒரே தட்டில் உண்டால் பரவாது என்று கையை ஆட்டி ஆட்டிப் பேசி முடித்தேன். தறி ஓடுகிற சத்தத்தில் அத்தை தலை நிமிரவில்லை. மாமா கைதட்டவில்லை.

"அம்புட்டுத்தானா? வராமத் தடுக்க ஒண்ணும் சொல்லலியா?"

"ஒழுக்கமே மருந்து."

"அது முடிஞ்ச கதைல. வேற?"

என் பையிலிருந்த காகிதத்தை வாங்கிப் பார்த்தார். சிவப்புக் கோட்டுக்கு அடியில் எழுத்து நன்றாகவே தெரிந்தது. அன்று மனப்பாடம் செய்த இரண்டு பக்கமும் இன்று மறந்துபோயிற்று. அந்த மூன்று வரி மறக்கவில்லை. ஆணுறை போட்டுக்கொண்டால் நோய் பரவாமல் தடுக்கலாம். கணவனுக்கு இருந்தால் மனைவிக்கும் வரக்கூடும். சந்தேகம் இருந்தால் இருவரும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

"இத வாசி மருமவனே."

"அது அடிச்சது மாமா. எச்செம் அடிச்சிட்டாரு. அசிங்கமாம்."

"அசிங்கம் ஒண்ணும் இல்ல. வாசி."

"பரிசத் திருப்பி வாங்கிருவாக."

"இங்கன எந்த எச்செம்ல இருக்கான்? ஒன்னய லாரில ஏத்தி ராஜபாளையம் வரைக்கும் கூட்டிட்டுப் போறேன். ஸ்டியரிங்க ஒங்கையில தாறேன். ஒரே ஒரு தடவ, சத்தமா."

அந்த நேரம் பார்த்துக் கரண்டு போயிற்று. நாலு தறியும் ஒன்றாக நின்றன. ஊசி விழுந்தாலும் கேட்கும் என்கிற மாதிரி ஓர் அமைதி. அத்தை நிமிர்ந்தாள்.

"என்ன, மாமனும் மருமவனும் அம்புட்டு ரகசியம்?"

"பரிசு வாங்குன தொரை பேசுதாரு. கேட்டுக்கோ" என்று அடுக்களைக்குள்ளிருந்து அம்மா சிரித்தாள்.

வீடே என்னைப் பார்த்தது. மாமா காகிதத்தை என்னிடம் நீட்டினார்.

"இப்ப வாசிய்யா" என்றார். அவர் என்னை 'அய்யா' போட்டுப் பேசியது அந்த ஒரு தடவைதான்.

எனக்கு என் கவுரவம். முதல் பரிசுக்காரன், அடித்த வரியை வாசிப்பதா? "மாட்டேன். வேணும்னா நீங்களே வாசிங்க" என்றேன்.

மாமா காகிதத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்தார். உதடு அசைந்தது. அடுக்களை வாசலைப் பார்த்தார். அத்தை கன்னத்தில் கை வைத்துக் காத்துக்கொண்டிருந்தாள். கரண்டு வந்துவிட்டது. அப்பா தறிகளை ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டார். மாமா காகிதத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

மறு வருஷம் மாமா போய்ச் சேர்ந்தார். அவர் பெட்டியில் என் காகிதமும் சேலத்து ஆஸ்பத்திரிச் சீட்டும் ஒன்றாக மடித்திருந்தன. சீட்டை அப்பா ஒரு டாக்டரிடம் காட்டித் தெரிந்துகொண்டார். அத்தை இன்னும் மூன்று வருஷம் இருந்தாள். அவளுடைய ஊர் அவளைச் சேர்க்கவில்லை. எங்கள் வீட்டிலேயே ஒரு மூலை, தனித்தட்டு, தண்ணீருக்கு என் பரிசு டம்ளர். தொட்டால் பரவாது என்று ஊர் கேட்கக் கத்தியவன் நான். அந்த டம்ளரைத் தூரத்தில் வைத்துவிட்டு ஓடியவனும் நான்தான்.

மாமாவுக்கும் வாய் இருந்தது. சொல்லியிருக்க வேண்டியவர் அவர்தான். அதையும் சொல்லாமல் விட்டால் அத்தைக்கு நியாயம் ஆகாது.

இன்று என் லாரி ஷெட்டில் ஆணுறைப் பெட்டி சுவரில் தொங்குகிறது, பூட்டு கிடையாது. வேலைக்கு வருகிற பையன்களிடம் அந்த மூன்று வரியை நானே சொல்கிறேன், என் வீட்டுக்காரி காதில் விழும்படி. "இந்த வயசுல இது என்ன பேச்சு?" என்பாள். சொல்லிக்கொண்டேதான் இருக்கிறேன். என்னிடம் ஓட்டுகிற ஒருவர் தினமும் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு பெண்டாட்டி பிள்ளைகளோடு நன்றாக இருக்கிறார். அந்த மாத்திரை அன்று எங்களுக்கு எட்டவில்லை. மூன்று வரி எட்டியிருந்தது.

அந்த வெள்ளிக்கிழமைக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா பொறுமை இழந்து, கட்டிலை அத்தை படுக்கிற உள்ளறைக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டாள். முன்பக்கம் மாமா பிடித்தார், பின்பக்கம் நான். அந்த வயதிலேயே எனக்கு அவ்வளவு தெம்பு. உள்ளறைக்குள் அத்தை விரிப்பை உதறிக்கொண்டிருந்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் முகத்தில் சிரிப்பு. நிலைப்படி வந்ததும் மாமா நின்றுவிட்டார். கட்டிலைக் கீழே இறக்கினார், பிடித்த கையை மட்டும் எடுக்கவில்லை. நோஞ்சான் ஆகிவிட்டார், கனம் தாங்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

"நீங்க விடுங்க மாமா, நான் ஒத்தையிலயே கொண்டு போட்டுருவேன்" என்று சொல்லி, கட்டிலை ஒரே தள்ளாக உள்ளே தள்ளினேன்.